மசோதா எங்கே நிற்கிறது?
(நமது அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சென்ற கூட்டத்தில் பெற்றோர் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் இடம் தனியாக இருக்கிறது. நம் பிள்ளைகள் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கேயும் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. நம் எம்.எல்.ஏ. இதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தால் என்ன?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடக் கூடாது என்பதால்தான் இன்றைய கூட்டத்தையே அதற்காக வைத்திருக்கிறோம்.

கொண்டுவரலாம், தடை ஒன்றும் இல்லை. அமைச்சராக இல்லாத உறுப்பினரும் சட்டப்பேரவையில் மசோதா கொடுக்கலாம். பேரவை வழக்கில் அதைச் சட்டமுன்வடிவு என்பார்கள், நாம் மசோதா என்றே சொல்லுவோம். அமைச்சர் அல்லாதவர் கொண்டுவந்தால் அது தனி உறுப்பினர் மசோதா. ஆனால் அப்படி வந்தவை சட்டமாவது மிக அபூர்வம். நாடாளுமன்றத்திலேயே சுதந்திரத்துக்குப் பிறகு 14 தனி உறுப்பினர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970ல். அந்த 14ல் முதலாவது எது தெரியுமா? நம் பள்ளிவாசல் சொத்துகளுக்கான வக்ஃப் மசோதாதான். 1952ல் ஓர் உறுப்பினர் தனியாகக் கொண்டுவந்தார், 1954ல் வக்ஃப் சட்டம் ஆனது.

ஆக, வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அந்த வாசல் வழியாக வெளியே வந்தவர்கள் குறைவு. நம் மாகாணத்திலேயே அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னால், மசோதா என்பது எப்படி நடக்கிறது, எங்கே நிற்கிறது, யாரால் நகர்கிறது என்பதெல்லாம் விளங்கும்.

அவர் பெயர் உங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கர்ப்பமானதும் செவிலியரிடம் போய் பிக்மி நம்பர் வாங்குகிறோமே, அதன் பிறகு தவணை தவணையாக 18,000 ரூபாய் உதவி வருகிறதே, அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உண்டாக்கியவரும் அவர்தான். நம்மில் எத்தனை குடும்பங்கள் அந்த மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்திருக்கின்றன! ஆனால் அவர் ஒரு சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ல் டாக்டர் ஆனார். அப்போதைய சென்னை மாகாண சட்டமேலவையில் நியமன உறுப்பினராக்கப்பட்டு 1927ல் அமர்ந்தார். உறுப்பினர்கள் அவரையே அவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அங்கே இருந்தது மொத்தம் மூன்றரை வருஷத்துக்கும் குறைவு. அந்தக் காலத்துக்குள் அவர் தொட்ட விஷயங்கள் பல. முஸ்லிம் மாணவிகள் தங்கிப் படிக்க விடுதி வேண்டும் என்று பாடுபட்டதும் அவற்றில் ஒன்று.

ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது தேவதாசி முறைக்கு எதிரான மசோதாக்கள்தான். கோயிலுக்குச் சிறு பெண் குழந்தையைப் பொட்டுக்கட்டி நேர்ந்துவிடும் வழக்கம் அது. அந்தப் பெண் பிறகு திருமணம் செய்ய முடியாது. வசதியான ஆண்களை அண்டி வாழும் நிலைக்குத் தள்ளப்படுவாள். முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள் அந்த மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அதனால் அவர் வெளியே நின்று பேசியவர் அல்லர்.

முதலில் அவர் மசோதா கொண்டுவரவில்லை. 1927 நவம்பரில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இந்த வழக்கத்தைத் தடுக்க அரசு சட்டம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் தீர்மானம். அவை அதை ஏற்றது. கைதட்டினார்கள். ஆனால் எதுவும் மாறவில்லை. இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீர்மானம் என்பது "இதைச் செய்யலாமே" என்று சபை சொல்வது. அதை மீறினால் யாருக்கும் தண்டனை இல்லை. சட்டசபையில் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரியைப் பார்த்துவிட்டு, சட்டமே வந்துவிட்டது என்று நம்மவர்கள் வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் செய்தி அனுப்புவதைப் பார்க்கிறோம். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அவர் பொறுத்தார். அதோடு யோசித்தார். அவர் கொண்டுவந்த முதல் மசோதாவில் பொட்டுக்கட்டக் கூடாது என்ற தடையே இல்லை. நிலத்தைப் பற்றிய மசோதா அது. இதைக் கொஞ்சம் நின்று விளக்க விரும்புகிறோம். ஏனென்றால் எங்கள் பார்வையில் அவர் செய்த வேலையிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமானது இதுதான்.

கோயிலில் ஆடவும் பாடவும் விளக்கெடுக்கவும் பணி செய்த குடும்பங்களுக்கு இனாமாக நிலம் விடப்பட்டிருந்தது. அந்தப் பணி நின்றால் நிலமும் போய்விடும். அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண்ணையாவது நேர்ந்துவிட்டாக வேண்டும். இல்லையென்றால் குடும்பம் சோற்றுக்குத் தவிக்கும். பாட்டிக்குப் பேத்தி மேல் பாசம் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? நிலம் அந்தக் குழந்தையின் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது. 1928ல் அவர் கொண்டுவந்த மசோதா, இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தி, அந்த நிலத்தைப் பணியிலிருந்து பிரித்தது. ஒரு சிறு வரியைக் கட்டிவிட்டு நிலத்தை அந்தப் பெண்ணே வைத்துக்கொள்ளலாம். கோயில் பணி செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. 1929ல் அது நிறைவேறியது. அந்த வருஷத்தின் 5ஆம் எண் சட்டம்.

தடுப்பதற்கு முன்னால் பிழைப்புக்கு வழி செய்தார். நம் ஜமாஅத்துகளில் இது கூடாது, அது கூடாது என்று தீர்மானம் போடும்போது இதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

அடுத்ததாக 1930 ஜனவரியில் தடை மசோதாவைக் கொண்டுவந்தார். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதையே குற்றமாக்கும் மசோதா. இதற்கு எதிர்ப்பு பலமாக வந்தது. மதத்தில் தலையிடுவது, கலை அழிந்துவிடும் என்றெல்லாம் பேசினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்ற பெரியவர்களே எதிர்த்தார்கள். அந்தக் குலத்துப் பெண்களில் ஒரு பகுதியினரும் சங்கமாகக் கூடி அரசுக்கு எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். இசையரசி பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். அவர்கள் சொன்னதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. "எங்களையெல்லாம் ஒரேயடியாக விலைமாதர் என்று சட்டத்தில் எழுதுகிறீர்கள். எங்களில் படித்தவர்கள், இசையறிந்தவர்கள், சொத்துரிமை உள்ள பெண்கள் இல்லையா?" என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மறுபக்கம், அதே மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்று பேசினார். 1936ல் இதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். ஒரே வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்திருக்கிறது. எந்த மசோதாவும் அப்படித்தான். அதனால் பாதிக்கப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது தவறு.

மசோதா பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. இதற்குள் காந்தியடிகளை அரசு கைது செய்தது. அதைக் கண்டித்து முத்துலட்சுமி 1930ல் பதவியை விட்டு விலகினார். கொண்டுவந்தவர் அவையில் இல்லை. மசோதா நின்றுவிட்டது.

எத்தனை வருஷம் நின்றது? 1937ல் காங்கிரஸ் அமைச்சரவை வந்ததும் மீண்டும் முயற்சி நடந்தது. 1939ல் யுத்தம் தொடங்கியதும் அமைச்சரவை ராஜினாமா செய்தது. மறுபடி நின்றது. கடைசியில் 1947ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, அந்த வருஷத்தின் 31ஆம் எண் சட்டமாக நிறைவேறியது. 1930லிருந்து கணக்குப் பார்த்தால் 17 வருஷம். 1930ல் பத்து வயதுக் குழந்தையாக இருந்தவள் 27 வயதுப் பெண்ணாகியிருப்பாள். அவளுக்கு அந்தச் சட்டம் என்ன செய்ய முடியும்?

இந்த 17 வருஷமும் அவர் கைகட்டி உட்காரவில்லை. அவையை விட்டு வெளியே வந்த அதே காலத்தில்தான், ஆதரவில்லாமல் தேடிவந்த பெண் குழந்தைகளுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அது இன்றும் அடையாறில் இருக்கிறது. மந்திரிகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மகளிர் சங்கங்களும் சுயமரியாதைக்காரர்களும் அவரவர் மேடையில் பேசிக்கொண்டே இருந்தார்கள். நின்றுபோன மசோதாவைப் பிறகு யார் கையில் எடுத்தாலும், எடுக்கிற மாதிரி அது உயிரோடு இருந்ததற்குக் காரணம் அவைக்கு வெளியே நடந்த இந்த வேலைதான்.

சட்டம் நிறைவேறுவதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு, அதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம். அதே காலத்தில் மத்திய சட்டசபையில் ஹர்பிலாஸ் சாரதா என்ற தனி உறுப்பினர் குழந்தை மணத்துக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். 1927ல் வந்தபோது அது இந்துக்களுக்கு மட்டும். பிறகு எல்லாச் சமூகங்களுக்கும் என்று மாற்றினார்கள். 1929 செப்டம்பரில் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1930 ஏப்ரல் 1. இடையில் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் சட்டத்துக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்று நாடெங்கும் அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்கள் நடந்தன! சட்டம் "வரப்போகிறது" என்பதும் "வந்துவிட்டது" என்பதும் எவ்வளவு வேறு என்பதற்கு இதைவிடச் சோகமான உதாரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் அலுவலகத்துக்குப் பாகப்பிரிவினைத் தகராறுகள் வரும். உட்கார்ந்து பேசும்போது ஒரு பேச்சு அடிக்கடி எழும். "வீட்டிலே தங்கச்சிக்குப் பங்கு உண்டு, சரி. வயலிலே எப்படி? வயல் என்றால் ஆண் பிள்ளைக்குத்தானே?" என்பார்கள். எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு? சிலர் வேண்டுமென்றே சொல்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இதற்குப் பின்னால் பழைய சட்டக் காரணம் ஒன்றும் இருக்கிறது, மசோதா கதைதான் அதுவும்.

முஸ்லிம்களின் வாரிசுரிமை, திருமணம் முதலியவற்றுக்கு ஊர் வழக்கம் அல்ல, ஷரீஅத் சட்டமே பொருந்தும் என்று 1937ல் ஒரு சட்டம் வந்தது. அதையும் மத்திய சட்டசபையில் ஒரு தனி உறுப்பினர்தான் கொண்டுவந்தார். ஆனால் அந்தச் சட்டத்தில் "விவசாய நிலம் நீங்கலாக" என்று ஒரு விலக்கு இருந்தது. ஏன் விலக்கினார்கள்? விவசாய நிலத்தைப் பற்றிச் சட்டம் செய்யும் அதிகாரம் அன்று மத்திய சபைக்கு இல்லை. 1935ஆம் வருஷ இந்திய அரசுச் சட்டப்படி அது மாகாணங்களின் பொறுப்பு. அதனால் வீட்டுக்கும் நகைக்கும் ஷரீஅத் என்றாகி, வயல் மட்டும் பழைய வழக்கத்திலேயே தங்கிவிட்டது. கிராமத்துக் குடும்பத்தில் சொத்து என்றால் வயல்தானே? அதையே விட்டுவிட்டு மற்றதைப் பிரித்தால் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?

இந்த ஓட்டையை அடைத்தது சென்னை மாகாணச் சட்டமன்றம். 1949ல் 18ஆம் எண் சட்டமாக ஒரு திருத்தம் செய்து, "விவசாய நிலம் நீங்கலாக" என்ற விலக்கை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, உயில் இல்லாமல் இறந்த முஸ்லிமின் வயலிலும் மகளுக்கு உரிய பங்கு சட்டப்படி உண்டு. நாட்டின் மற்ற சில பகுதிகளில் இந்தத் திருத்தம் நடக்கவே இல்லை. அங்கே உள்ள நம் சகோதரிகள் இன்றும் நிலத்துக்காக நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். ஆகவே, "எம்.எல்.ஏ. என்றால் தெருவிளக்கும் சாக்கடையும்தானே" என்று நினைப்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். நாடாளுமன்றத்துக்கே கை எட்டாத இடத்தில் மாநிலச் சட்டமன்றத்தின் கை எட்டும். உங்கள் தங்கை அந்த வயலில் நிற்பது அதனால்தான். இன்னும் "வயல் வேறு" என்று யாராவது சொன்னால், 1949 என்று மட்டும் சொல்லுங்கள். மீதியைப் பேச எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள்.

இப்போது 7.5 சதவீதத்துக்கு வருவோம்.

நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை உண்டானது. நீதியரசர் கலையரசன் தலைமையில் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. 10 சதவீதம் ஒதுக்கலாம் என்று ஆணையம் சொன்னது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. முதலில் அவசரச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள், ஆளுநர் கையெழுத்து வரவில்லை. பிறகு மசோதாவாகவே கொண்டுவந்து 2020 செப்டம்பர் 15ஆம் தேதி பேரவை நிறைவேற்றியது. எதிர்க்கட்சியும் ஆதரித்தது. ஆனாலும் ஆளுநரின் ஒப்புதல் வந்தால்தானே சட்டம்? ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் வரவில்லை. கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அக்டோபர் 29ஆம் தேதி அரசு பொறுக்காமல் அரசாணையாகவே வெளியிட்டது. மறுநாள் 30ஆம் தேதி ஆளுநர் ஒப்புதல் தந்தார். 45 நாள். அந்த வருஷமே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. இன்னும் சில வாரம் தள்ளியிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வருஷம் இல்லை. 2021ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு தனிச் சட்டத்தால் வந்தது. 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவப் படிப்புக்கான ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதோடு நீட் விலக்கு மசோதாவை வைத்துப் பாருங்கள். 2017ல் பேரவை இரண்டு மசோதாக்களை ஒருமனதாக நிறைவேற்றிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது. அந்த வருஷமே ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது நமக்குத் தெரியவந்ததோ 2019ல், நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்னபோது! அதற்கிடையில் எத்தனை வீட்டில் "இந்த வருஷம் நீட் இருக்காதாம்" என்று பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பாமல் விட்டார்கள்? 2021 செப்டம்பரில் மீண்டும் மசோதா. 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை 8ஆம் தேதி கூடி மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அதை நிராகரித்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். கட்சிகள் அவரவர் நியாயத்தைப் பேசட்டும், அது அவர்கள் வேலை. பெற்றோராகிய நமக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு மசோதாவை நம்பிப் பிள்ளையின் படிப்பைத் திட்டமிடும் முன், அது இன்று எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பேரவையில் அறிமுகமாகிவிட்டதா? நிறைவேறியதா? ஆளுநர் ஒப்புதல் வந்ததா, குடியரசுத் தலைவருக்குப் போயிருக்கிறதா? அரசிதழில் வந்துவிட்டதா? எந்தத் தேதியிலிருந்து அமல்? பேரவையின் காலம் முடிந்து கலைந்தால், அங்கே இன்னும் நிறைவேறாமல் கிடக்கும் மசோதாவும் காலாவதியாகிவிடும். நிறைவேறி ஒப்புதலுக்குக் காத்திருப்பது மட்டும் காலாவதியாகாது.

சரி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாம் என்ன கேட்பது?

இங்கே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சற்று முன் சொன்ன மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில்தான் புதுமைப் பெண் திட்டம் நடக்கிறது. கல்லூரி போகும் பெண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய். 2022ல் தொடங்கியபோது அதுவும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். பல தரப்பிலிருந்தும் கேட்டார்கள். 2024ல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் என்று விரிவாக்கினார்கள். நம் பிள்ளைகள் பலர் இன்று அதை வாங்குகிறார்கள். ஆனால் புதுமைப் பெண் என்பது அரசின் திட்டம். அறிவிப்பும் அரசாணையும் போதும். 7.5 சதவீதமோ சட்டம். சட்டத்தில் "அரசுப் பள்ளி" என்று இருப்பதை மாற்ற, மறுபடி மசோதா கொண்டுவந்து திருத்த வேண்டும்.

அப்படியொரு திருத்தத்தை நம் உறுப்பினர் தனி மசோதாவாகக் கொடுத்தால் அது நிறைவேறும் என்று உங்களுக்கு ஆசை காட்ட எங்களுக்கு மனமில்லை. அரசு நினைத்தால்தான் நடக்கும். அரசை நினைக்க வைப்பதற்கு உறுப்பினருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கேள்வி நேரத்தில் கேட்கலாம். கவன ஈர்ப்புக் கொடுக்கலாம். துறையின் மானியக் கோரிக்கை வரும் நாளில் பேசலாம், வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அமைச்சர் எழுந்து "பரிசீலிக்கிறோம்" என்று சொன்னால் பலர் அதோடு விட்டுவிடுவார்கள். பேரவையில் அமைச்சர் தரும் உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. பொதுமக்களின் மனுக்களை எடுத்து விசாரிக்க மனுக்கள் குழு இருக்கிறது. அந்தக் குழுக்கள் மாவட்டங்களுக்கும் வருகின்றன. வரும் தேதியை உள்ளூர் நாளிதழில் போடுவார்கள், நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

எதிர்வாதத்தையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளிகளில் வசதியானவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தால் கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளையின் இடம் குறையும் என்பார்கள். இது வெறும் சாக்கு அல்ல, பாதி உண்மை. அந்தப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்து நம் பிள்ளையின் தட்டில் வைக்கச் சொல்லி நாம் கேட்கப்போவதில்லை. 7.5க்கு வெளியே தனியாகக் கேட்கலாமா, வருமான வரம்பு வைக்கச் சொல்லலாமா என்று உங்களோடு கலந்து பேசித்தான் மனுவை எழுதப்போகிறோம். மேலும், 2020ல் சட்டம் வருவதற்கு முன்னால் ஓர் ஆணையம் கணக்கெடுத்தது. நீதிமன்றத்தில் அது நிற்பதற்கும் அந்தக் கணக்கு உதவியது. நம்மிடம் கணக்கு எங்கே? நம் ஊர் உதவி பெறும் பள்ளியில் இந்த ஐந்து வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் நீட் எழுதினார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்கள் பெற்றோருக்கு என்ன தொழில், என்ன வருமானம் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அந்த மனுவுக்கு "பெறப்பட்டது" என்ற முத்திரைதான் கிடைக்கும்.

ஆகையால் இந்த மாதம் கணக்கெடுப்பு. 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை பிள்ளை எந்தெந்தப் பள்ளியில் படித்தது என்ற சான்று, நீட் எழுதியிருந்தால் மதிப்பெண் பட்டியலின் நகல், வருமானச் சான்று, இந்த மூன்றையும் கொண்டு வாருங்கள். நகல் போதும், அசலைக் கொடுக்காதீர்கள். பெயர்களை வெளியே தர மாட்டோம், எண்ணிக்கைதான் மனுவில் போகும். அரசியல் நிறம் இதற்கு வேண்டாம். ஆளுங்கட்சி உறுப்பினர், எதிர்க்கட்சி உறுப்பினர் இரண்டு பேரிடமும் ஒரே மனுவைத்தான் கொடுக்கப்போகிறோம். மற்றச் சமூகத்தார் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளின் பெற்றோரையும் சந்திக்கப்போகிறோம், இன்ஷா அல்லாஹ். பிரச்சினை அவர்களுக்கும் இருக்கிறது, அவர்கள் கணக்கும் சேர்ந்தால்தான் இது ஒரு ஜமாஅத்தின் குறை என்று ஒதுக்கப்படாது.

மனு கொடுத்த தேதி, யாரிடம் கொடுத்தோம், என்ன பதில் வந்தது, பேரவையில் யார் கேட்டார்கள், அமைச்சர் என்ன சொன்னார் என்பதை இந்த இதழில் மாதாமாதம் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுவோம். எதுவும் நகரவில்லை என்றால் "சென்ற மாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது" என்று அதையும் அச்சிடுவோம். படிவங்கள் வாசல் பக்கத்து மேஜையில் இருக்கின்றன. எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு எழுதிக் கொடுக்க நம் மாணவிகள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். லுஹர் தொழுகை வரை இருப்பார்கள்.

வஸ்ஸலாம்.